வாளி வைக்கிறது ஆர்?

நான் ஒரு வீட்டுக்கடன் முகவர். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் உட்கார்ந்து, இருபது வருடங்களாகத் தமிழர்களையும் வங்கிகளையும் சேர்த்து வைக்கிறேன். கல்யாணத் தரகு மாதிரியான வேலைதான். ஒரே வித்தியாசம், இங்கே ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் கடனைப் புதுப்பிக்கும்போது, தாலியையும் புதிய விலைக்கு வாங்க வேண்டும். மிச்ச நேரத்தில், பலசரக்குக் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் வாரப் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். மீனைப் பிரித்துச் சட்டியில் போட்ட பிறகு, சுற்றியிருந்த தாளில் என் பத்தியை வாசித்ததாக ஒரு அன்ரி சொன்னார். நல்ல மீன் என்றும் சொன்னார்.

இந்தக் கதையில் வருகிறவரை நான் நானா என்றுதான் கூப்பிட்டேன். முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பெயர் இருக்கிறது. எழுதினால், இப்போது கல்கரியில் மகளோடு இருக்கும் மனிதர் தொலைபேசி எடுத்து, "தம்பி, இதில பிழை ஏதும் இருந்தா பொறுப்பு எடுக்கிறது ஆர்?" என்று கேட்பார். பதில் எனக்குத் தெரியாது. ஆகவே நானா என்பதே போதும்.

முதன்முதலில் அவர் என் அறைக்கு வந்தது ஒரு பனிக்காலத்தில். மனைவியும் கூட வந்திருந்தார். கழற்ற வேண்டாம் என்று நான் சொல்லியும் சப்பாத்தைக் கழற்றி, வாசலில் சோடியாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எங்களுக்கு வீடு வேணும். வட்டி வேண்டாம்."

அந்தக் காலத்தில் எல்லாக் கேள்விக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. "அதுக்கென்ன நானா, வட்டி எண்டு சொல்லாம சேவைக் கட்டணம் எண்டு போடச் சொல்லுவம்" என்றேன்.

மனிதர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்:

"சரி. வங்கி காசு தருது, நான் வீட்டை வாங்கிறன். கூரை ஒழுகினா வாளி வைக்கிறது ஆர்?"

"நீங்கள்தான்."

"வீட்டின்ர விலை விழுந்தா?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு வேலை போனா?"

"உங்கட வேலை நானா. அது உங்களுக்குத்தான் போகும்."

"அப்ப வங்கிக்கு என்ன போகும்?"

நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். "உங்களுக்குக் கடிதம் அனுப்பிற முத்திரைச் செலவு" என்றேன்.

நானா மறுபடியும் சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. என் மேசையில் கிடந்த வீட்டு விளம்பரம் ஒன்றைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு எனக்கு உறுத்தியது. ஒரு வாடிக்கையாளர் கையை விட்டுப் போனதுதான் உறுத்தல் என்று முதலில் நினைத்தேன். பிறகு இந்த விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். எதையும் கொஞ்சம் படிப்பது என் பழக்கம். விருந்துகளில் பேச உதவும். இஸ்லாமிய நிதி என்றால் வட்டி இல்லாத கடன், மற்றும்படி எல்லாம் ஒன்றுதான் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அடிப்படை வேறு இடத்தில் இருந்தது. இலாபத்தைக் கேட்கிறவன் நட்டம் வருகிற வழியிலும் நிற்க வேண்டும். நிற்காமல் வாங்குவதுதான் வட்டி. பெரிய பெரிய பேராசிரியர்கள் தடித்த தடித்த புத்தகங்களில் சொல்லியிருந்ததை, நானா ஒரு பிளாஸ்ரிக் வாளியை வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

படித்ததில் விளங்காததைக் கேட்க அவரைத் தேடிப் போய், அப்படியே பழக்கமாகிவிட்டோம். அவருக்கு வேலை நகர மையத்தில், ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணக்காய்வுப் பிரிவில். நாள் முழுக்க ஒப்பந்தம் வாசிக்கிற வேலை. எந்த ஒப்பந்தத்தையும் கடைசிப் பக்கத்தில் தொடங்கி முன்னுக்கு வாசிப்பார். ஏன் என்று கேட்டேன். "முன்பக்கத்தில சிரிப்பாங்கள் தம்பி. பின்பக்கத்திலதான் கதைப்பாங்கள்."

எனக்கு ஒரு மச்சான் இருக்கிறான், பக்கத்து நகரமான அஜக்ஸில். மட்டன் ரோல்ஸ் செய்து, உறைய வைத்து, கனடா முழுவதும் அனுப்பும் தொழிற்சாலை தொடங்கப் போவதாக ஒரு முறை கிளம்பினான். முதலீட்டுக்கு ஆள் சேர்க்க என்னிடம் வந்தான். என் அறைக்கு ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டேன், நானாவையும் அழைத்திருந்தேன். ஹலால் இறைச்சி என்பதால் அவருக்குப் பிடிக்கும் என்று என் கணக்கு.

மச்சான் படம் போட்டுக் காட்டினான். போட்ட காசுக்கு மாதா மாதம் நிச்சயமான இலாபம் என்றான்.

"நட்டம் வந்தா?" என்றார் நானா.

"நட்டம் வராது அண்ணை. ரோல்ஸ் சாப்பிடாத தமிழன் இருக்கிறானோ?"

"வராதெண்டு நிச்சயமோ?"

"நூறு வீதம்."

"அப்ப ஒண்டு செய்வம். நட்டம் வந்தா முழுக்க உம்மட எண்டு நீர் எழுதித் தாரும். வராததுதானே, எழுதிறதில உமக்கென்ன குறை?"

அறையே சிரித்தது. மச்சான் மட்டும் தன் ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதவில்லை. தொழிற்சாலையும் எழும்பவில்லை. இன்றைக்கும் குடும்ப விழாக்களில் அவன் எனக்கு ரோல்ஸ் தட்டை நீட்டுவதில்லை.

இதெல்லாம் பார்த்து, நானா மற்றவர்களை மடக்குவதற்கென்றே பிறந்த ஆள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன், ஒரு தை மாதம் வரை. அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, கார் உறைபனியில் சறுக்கி யாரோ ஒருவரின் மதில் தூணில் போய் மெதுவாகச் சாய்ந்தது. முன்பக்கம் நசுங்கியது. திருத்தகத்தில் விலை சொன்னதும் நானா பையில் கை விட்டார்.

"என்ன நானா செய்யிறியள்?"

"பாதி."

"கார் என்ர, ஓடினது நான்!"

"நானும் போகவேணும் எண்டுதானே ஏறினனான். பயணம் ரெண்டு பேருக்கும், இடி மட்டும் உமக்கோ?"

வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். சிறுவர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அவர்கள் ஒரே அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். லிஃப்ட் பழுதாகும் நாட்களில் அரிசி மூட்டை மூன்றாம் மாடியில் ஒரு இளைப்பாறல், ஏழாம் மாடியில் ஒரு இளைப்பாறல் என்று மேலே போகும். ஒரு நாள் நான் போயிருந்தபோது நானா உள்ளறையில் தொழுதுகொண்டிருந்தார். அக்கா தேத்தண்ணீரை என் முன் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தம்பி, ஒழுகிற கூரை ஒண்டு இருந்தாலும் பாத்துத் தாங்கோ. வாளியை நான் வைக்கிறன்."

நான் பத்தி எழுதுகிறவன். அதற்கு ஒரு பதில் வசனம் தேடினேன். தேத்தண்ணீரைக் குடித்தேன்.

அன்றைக்குத் திரும்பும்போது நானா கீழே வாகனத் தரிப்பிடம் வரை வந்தார். அக்கா சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, "நானா, ஒரு வீட்டை ஏற்கெனவே விட்டிட்டு வந்தனீங்கள். இனியாவது கொஞ்சம் விட்டுக் குடுத்து ஒண்டை வாங்கலாம்தானே" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் அவர் வளர்ந்த தெருவுக்கும் நான் வளர்ந்த தெருவுக்கும் சைக்கிளில் ஐந்து நிமிடம். முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஆயுத இயக்கம் ஒலிபெருக்கியில் சொன்ன நாளில் எனக்குப் பதினைந்து வயது. எங்கள் வீட்டில் வானொலிச் சத்தத்தைக் குறைத்தார்கள். நாங்கள் செய்தது அவ்வளவுதான்.

நானா என்னை நேராகப் பார்த்தார். "அந்த வீட்டில எங்களோட ஆரும் பங்காளியா நிக்கேல்ல, தம்பி" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு வரியை வாசிப்பதுபோலச் சொன்னார். என் நகைச்சுவை எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. கார்க் கதவைத் திறப்பதற்குச் சாவியை இரண்டு பைகளிலும் தேடினேன். அது கையில் இருந்தது.

பிறகுதான் அந்தக் கம்பனி வந்தது. நடத்தியவர் கொழும்பில் பிறந்து, ஸ்காபரோப் பள்ளிக்கூடத்தில் எங்கள் பொடியங்களோடு வளர்ந்து, எங்கள் பேச்சையே பேசுகிற நாற்பது வயது முஸ்லிம். மரியாதையான மனிதர். திட்டம் இதுதான்: கம்பனியும் நீங்களும் சேர்ந்து வீட்டை வாங்குவீர்கள். கம்பனியின் பங்குக்கு நீங்கள் வாடகை கட்டுவீர்கள். அந்தப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, ஒரு நாள் முழு வீடும் உங்களுடையதாகும். கடன் இல்லை, வட்டி இல்லை. இரண்டு பங்காளிகள், ஒரு கூரை. வெளிநாட்டு மார்க்க அறிஞர்கள் சரி என்று கையெழுத்து வைத்திருந்தார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்தால் எனக்கும் கமிஷன் உண்டு. அந்த வயதில் எனக்குத் திடீரென்று மார்க்க ஈடுபாடு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அஜக்ஸில் ஒரு வீடு பார்த்தோம். அக்கா அறை அறையாகப் போய், யன்னல்களைச் சாண் கணக்கில் அளந்தார். நானா நிலவறைக்குள் இறங்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். இருவரும் மேலே வந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்குத் தொழில் தெரியும், வீடு விற்றாகிவிட்டது.

கம்பனிக்காரர் ஒரு வேண்டுகோள் வைத்தார். நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் ஒரு விருந்து மண்டபத்தில், அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிமுகக் கூட்டம். நாற்பது குடும்பம் வரும். நானாவை எல்லோருக்கும் தெரியும், அவர் எதையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்க மாட்டார் என்பதும் தெரியும். அவர் மேடையில் ஏறி, "வாசிச்சன், எனக்குத் திருப்தி, முதல் வீடு நான் வாங்கிறன்" என்று மூன்று வசனம் சொன்னால் போதும். மறுநாள் திங்கட்கிழமை அஜக்ஸ் வீட்டுக்குக் கையெழுத்து.

நானா மூன்று கிழமை விடுப்பு எடுத்து வாசித்தார், வழக்கம்போலப் பின்னால் இருந்து. கூட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை என் அறையில் கம்பனிக்காரரைச் சந்தித்தார்.

"தம்பி, கூரை, வரி, காப்புறுதி எல்லாம் வாங்கிறவர் தலையில. அதை விடுவம். விலை விழுந்து, அவருக்குக் கட்ட ஏலாமப் போனா, கம்பனியின்ர பங்கை முதல் போட்ட விலைக்கே வாங்கவேணும் எண்டு கிடக்கு. அப்ப கம்பனி எதில பங்காளி?"

கம்பனிக்காரர் மழுப்பவில்லை. "நானா, நாங்கள் வீடு வாங்கிற காசு எங்கட இல்லை. பத்திரம் வித்து எடுக்கிறது."

சுகூக் என்று அரபியில் அதற்குப் பெயர். வீடுகளில் பங்கு என்று சொல்லி முதலீட்டாளர்களுக்கு விற்பது.

"வாங்கிறவை பெரிய பெரிய நிதியங்கள். போட்ட முதல் அப்பிடியே திரும்பி வரும் எண்டு சொல்லாட்டி ஒரு டொலர் வராது. எங்கட பத்திரம் வங்கிப் பத்திரத்துக்குப் பக்கத்தில நிண்டு போட்டி போடவேணும். மார்க்கெட் அப்பிடித்தான் நானா."

"மேல இருக்கிறவருக்கு நட்டம் வராதெண்டு வாக்குக் குடுத்தா, அது கீழ ஒருத்தரிட்டதானே வந்து விழும்?"

"விழும். ஆனா முதல்ல சனத்துக்கு ஒரு கூரை வரட்டும். பிறகு மெல்ல மெல்லத் திருத்துவம். எல்லாம் சரியா வந்த பிறகுதான் தொடங்கிறதெண்டா நாங்கள் ஒரு நாளும் தொடங்க மாட்டம்."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயமாக இருக்கும்போது எனக்குப் பசிக்கும். கீழே போய் கொத்துரொட்டி வாங்கி வந்தேன். நான் வரும்போது இருவரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். நானா என்ன முடிவு சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அவர் புதுச் சேலை கட்டி வந்திருந்தார்.

மண்டபம் நிரம்பியிருந்தது. நானா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் வாசிச்சன். இவர் நல்ல மனிசன், ஆரையும் ஏமாத்த வரேல்ல. ஆனா பங்காளி எண்டா இலாபத்திலயும் பங்கு, நட்டத்திலயும் பங்கு. இந்தக் கடதாசியில கம்பனிக்கு நட்டத்தில பங்கில்லை. இதை நீங்கள் வாங்கலாம், வாங்காம விடலாம். உங்கட விருப்பம். ஆனா இதுக்குப் பங்குடமை எண்டு பேர் வைக்க நான் சாட்சி சொல்ல ஏலாது. நான் வாங்கேல்ல."

முன்வரிசையில் இருந்த ஒரு டாக்ஸி ஓட்டுநர் எழும்பினார். "அப்ப நாங்கள் எங்க போறது நானா? பிள்ளையள் வளந்திட்டுது. வேற வழியைச் சொல்லுங்கோ."

"வேற வழி எனக்குத் தெரியாது, தம்பி. தெரிஞ்சதை மட்டும் சொல்ல வந்தனான்."

அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

அடுத்த மாதம் அந்த நாற்பதில் ஒன்பது குடும்பங்கள் என் அறைக்கு வந்தன. கம்பனியும் சரியில்லை என்றால் வங்கியிலேயே எடுப்போம் என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். வட்டி வீதம் மாறுகிற கடன். அப்போது அதுதான் மலிவு. பிறகு வீதம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. டாக்ஸிக்காரர் ஒரு நாள் வந்து என் எதிரில் உட்கார்ந்து, வங்கிக் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனார். என் கமிஷன் முதல் மாதமே வந்திருந்தது. கம்பனியோடு போயிருந்தாலும் வாடகை வங்கி வீதத்தோடு சேர்ந்துதான் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மைதான். உண்மையான சமாதானங்கள்தான் மோசமாக வேலை செய்கின்றன.

போன வருடம் கம்பனிக்காரரைச் சந்தித்தேன். பெரிய கூரைத் திருத்தம் வந்தால் கம்பனி தன் பங்கைக் கட்டும் என்று இப்போது ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறார்களாம். விலை விழுந்தால் என்ன என்பது இன்னும் பேச்சில் இருக்கிறதாம். "நானாவுக்குச் சொல்லுங்கோ" என்றார். கல்கரிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். மறுமுனையில் கடதாசி தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனையாம் பக்கம்?" என்று கேட்டார்.

அவர் செய்தது சரியா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும்தான். ரெக்ஸ்டேலில் இருந்து இருவரையும் நான்தான் காரில் கூட்டி வந்தேன். நாலு நாள் பயணம் மாதிரி இருந்தது, நானூற்றொன்றாம் பெருந்தெரு. நானா எனக்குப் பக்கத்தில். அக்கா பின்னால், புதுச் சேலையில். பாதித் தூரம் கடந்தது. பிறகு அக்கா வெளியே பார்த்தபடி தொடங்கினார்.

"அந்த வீடு பெருந்தெருவுக்குக் கிட்ட. லொறிச் சத்தத்தில நித்திரை வந்திராது."

"பெருந்தெரு ரெண்டு மைல் தள்ளி" என்றார் நானா.

"பின்வளவு சரிவு."

"சரிவில்லை. நான் மட்டம் வைச்சுப் பாத்தனான்."

"சமையலறையும் சின்னன்."

"சின்னன் இல்லை."

இந்த விஷயத்தில் நானும் சாட்சி. அந்தச் சமையலறையில் வீட்டு முகவரோடு சேர்த்து நாங்கள் நாலு பேர் நின்றோம். ஒருவர் முழங்கை இன்னொருவரில் படவில்லை. நான் காட்டிய வீடுகளிலேயே அதுதான் பெரிய சமையலறை. கார் ஓட்டுவதில் ஒரு சுகம், அப்படியான நேரங்களில் கண்ணாடியைப் பார்க்கலாம்.

நானா பின்னால் திரும்பினார். "நீர் ஏன் இல்லாததைச் சொல்லுறீர்? நல்ல வீடு. இருவத்திரண்டு வருசம் பொறுத்தனீர். இல்லாமப் பண்ணினது நான். நட்டம் என்ர."

"முழுக்க உங்கடயோ?"

"ஓம், முழுக்க."

"அப்ப நான் ஆர்?" அக்காவின் குரல் உயரவில்லை. "இவ்வளவு நேரமும் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு, பங்காளி எண்டா நட்டத்திலயும் பங்கு எண்டனீங்கள். எங்கட வீட்டுக்குள்ள மட்டும் அது மாறுமோ? அதில பாதி என்ர. நீங்கள் எடுக்காதேங்கோ."

நானா முன்னால் திரும்பிக்கொண்டார். ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தை வாசிக்கும்போது வைத்திருக்கும் முகம். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். பெருந்தெருவின் இரண்டு வெளிவழிகள் கடந்து போயின. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் ஒரு அளவைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லி நான் கேட்டதில்லை.

"ஓம்" என்றார். "சமையலறை கொஞ்சம் சின்னன்தான்."